ஓடோமீட்டர் சொல்லாத கணக்கு

புரோத்ராபூரில் வீடு, அபர்தீன் பஜார் பக்கம் வேலை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. இடையில் பிள்ளைகளின் பள்ளி, டியூஷன், கராச்சர்மாவில் காய்கறி. ஞாயிறன்று மனசு வந்தால் தெற்கே சிடியா டாப்பு வரை ஒரு சுற்று. தென் அந்தமானில் ஒரு குடும்பக் காரின் பயணம் ஏறக்குறைய இவ்வளவுதான். இதற்கு மேல் ஓட்ட நினைத்தால் கடல் வந்துவிடும். கார் வாங்கி ஐந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் ஓடோமீட்டர் இருபதாயிரம், இருபத்தையாயிரம் என்றுதான் நிற்கும்.

"வண்டி ஓடவே இல்லைங்க, ஷோரூம் கண்டிஷன்" என்று விற்கிறவர் சொல்லுவார். வாங்குகிறவரும் நம்புவார். டயர், கிளட்ச் விஷயத்தில் அந்தப் பேச்சில் உண்மை உண்டு. எஞ்சின் விஷயத்தில் பாதி உண்மை. பிரேக் ஆயில் விஷயத்தில் அது சுத்தப் பொய். சாலையில் ஓடிய கிலோமீட்டருக்கும் பிரேக் ஆயிலின் வயதுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அது காலண்டரைப் பார்த்து வயதாகிறது, காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் கெடுகிறது. குறைவாக ஓடி, நிறைய நனையும் கார்கள் நிறைந்த ஊர் புரோத்ராபூர். கிலோமீட்டரை வைத்துப் பராமரிப்பைக் கணக்கிடும் பழக்கம் இங்கேதான் அதிகமாக ஏமாற்றும்.

பெரும்பாலான கார்களின் கையேட்டில் பிரேக் ஆயிலுக்கு இரண்டு எல்லைகள் எழுதியிருக்கும். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முந்துகிறதோ அது. பொதுவாக 40,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு. மதுரையில் டாக்சி ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டர் முந்தும். தீவுக்காரருக்கு எப்போதும் வருடம்தான் முந்தும். ஆனால் அவர் பார்ப்பது டாஷ்போர்டில் தெரியும் எண்ணை. வருடத்தைக் காட்டும் மீட்டர் எந்தக் காரிலும் இல்லையே.

மிதிக்கும் சக்கரத்துக்கும் நடுவே

பிரேக்கை மிதிக்கிறோம், வண்டி நிற்கிறது. நடுவே இருப்பது இரும்புக் கம்பியோ சங்கிலியோ அல்ல, திரவம். மிதியின் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான் மீதி வேலையைச் செய்கிறது. விரல் தடிமன்கூட இல்லாத குழாய்கள் வழியே அந்த அழுத்தம் நான்கு சக்கரத்துக்கும் போய், முன்னால் டிஸ்கைப் பிடிக்கும் காலிப்பரையும் பின்னால் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரையும் தள்ளுகிறது. திரவம் சுருங்காது என்ற ஒரே நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

1917-ல் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1921-ல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. ஹென்றி ஃபோர்டு இதை நம்பவில்லை. அவருடைய கார்களில் 1939 வரை கம்பி பிரேக்தான். அந்தக் கால பிரேக் திரவத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும். நம் பாட்டிமார் வயிற்றுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய், சீமையில் காரை நிறுத்திக்கொண்டிருந்தது. ரப்பரை அது கெடுக்காது, வழவழப்பும் உண்டு. ஆனால் ஆல்கஹால் சீக்கிரம் கொதித்துவிடும். வேகமும் எடையும் கூடக் கூட அந்தக் கலவை தாங்கவில்லை. கிளைகால் ஈதர் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட திரவங்கள் வந்தன. இன்று கடையில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று எழுதி விற்பவை எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. எங்கே ஈரம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். இதைக் குறை என்று எழுதுகிறவர்கள் அதிகம். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. பிரேக் அமைப்புக்குள் ஈரம் எப்படியும் நுழையும். திரவம் நிற்கும் டப்பாவின் மூடியில் காற்று போகச் சின்ன வழி இருக்கிறது, சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸும் மிக மெதுவாக ஈரத்தை உள்ளே விடும். திரவம் அதை உறிஞ்சிக் கரைத்துக்கொள்ளாவிட்டால், நீர் தனித் துளியாகத் திரண்டு தாழ்வான இடத்தில், அதாவது காலிப்பரில் போய்த் தங்கும். அங்கேதான் சூடும் அதிகம். 100 டிகிரியில் அந்தத் துளி கொதிக்கும், அது தங்கிய இடம் துருப்பிடிக்கும். சிலிக்கோனில் செய்த டாட் 5 திரவம் நீரை உறிஞ்சாது, பெயின்டையும் அரிக்காது. ஆனால் அதில் இந்தத் துளித் தொல்லை உண்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களுக்கும் அது ஒத்துவராது. எண்ணில் 5 என்று பெரிதாக இருப்பதைப் பார்த்து, 'உயர்ந்த ரகம்' என்று யாராவது வாங்கிவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு. இரண்டும் கலக்கக் கூடாதவை.

நீரை உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதை எண்களே சொல்லும். புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால், 140 தாங்கினால் போதும் என்று தர விதியே இறங்கி வருகிறது. டாட் 4-க்கு 230, நீர் சேர்ந்தால் 155. டாட் 5.1-க்கு 260, நீர் சேர்ந்தால் 180. நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத நீர் அறுபத்தைந்து முதல் எண்பது டிகிரி வரை தின்றுவிடுகிறது. அதற்கு மேலும் நீர் ஏறினால் எண் இன்னும் கீழே போகும்.

மூவாயிரம் மில்லிமீட்டர் மழையில்

இனி தீவுக்கு வருவோம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலும், அதை ஒட்டிய புரோத்ராபூர், கராச்சர்மா பகுதிகளிலும் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு 1,400 என்றாலே நாம் மிதந்துபோகிறோம். மே மாதம் தென்மேற்குப் பருவம் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. பிறகு வடகிழக்குப் பருவம் வந்து டிசம்பர் வரை இழுக்கும். மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பீரோவில் வைத்த தோல் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும், உப்பு டப்பாவில் உப்பு கசிந்து நிற்கும். இதே காற்றைத்தான் பிரேக் ஆயில் டப்பாவும் வருடம் முழுக்கச் சுவாசிக்கிறது.

ஆனாலும் பயமுறுத்தும் கட்டுரை எழுத எனக்கு விருப்பமில்லை. நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. பிரேக் ஆயில் கொதித்து மிதி தரையில் போய் ஒட்டும் விபத்துகள் நீண்ட மலை இறக்கங்களில் நடப்பவை. நீலகிரியில் உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான சரிவு. விபத்துகள் பெருகியதால் வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்குவதற்கே கட்டுப்பாடு வந்தது. கியரைக் குறைக்காமல் காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் டிஸ்க் பல நூறு டிகிரிக்குப் போகும், அந்தச் சூடு காலிப்பர் வழியே திரவத்துக்கு ஏறும். பழைய திரவத்தில் கரைந்திருக்கும் நீர் ஆவியாகும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதித்த மிதி முழுதும் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இதில் மோசமான தந்திரம் ஒன்று உண்டு. பாதி வழியில் டீ குடிக்க நிறுத்துவார்கள். ஓடும்போது டிஸ்கில் அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றுபோகும். டிஸ்கின் சூடு மெல்ல மெல்லக் காலிப்பருக்குள் இறங்கும். திரவம் அப்போதுதான் கொதிக்கும். பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பினால் முதல் வளைவில் பிரேக் இருக்காது. கடைசியில் வண்டியை மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போவதற்குள் எல்லாம் ஆறி, ஆவி மறுபடி திரவமாகி, மிதி கெட்டியாக நிற்கும். "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்று அவர் சொல்வார். டிரைவர் பொய் சொல்கிறார் என்று முடிவாகும்.

தென் அந்தமானில் அப்படி ஒரு மலை கிடையாது. 2021-ல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றிய மவுண்ட் ஹேரியட் நானூறு மீட்டரைக்கூடத் தொடாது. அந்தமானின் உயர்ந்த சிகரமான 732 மீட்டர் சேடில் பீக் வடக்கே டிக்லிப்பூர் பக்கம் இருக்கிறது, அதன் மேல் கார் ஏறாது. மேடு பள்ளமும் வளைவும் நிறைய உண்டு, ஆனால் எல்லாம் குட்டை. ஆகவே புரோத்ராபூரில் ஒரு காரின் பிரேக் ஆயில் பத்து வருடம் மாற்றாமல் இருந்தாலும், உள்ளூரில் ஓடும்வரை ஒருநாளும் கொதிக்காமலே போகலாம். மாற்றாதவருக்கு 'ஒண்ணும் ஆகலையே' என்று துணிவு வருவதும் இதனால்தான்.

ஆபத்து வேறு இடத்தில் காத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தீவுவாசிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். அரசுப் பணியில் வந்தவர்கள், வியாபாரத்துக்கு வந்தவர்கள், இரண்டு மூன்று தலைமுறையாகத் தீவிலேயே வேர்விட்டவர்கள் என்று பல ரகம். மாற்றலாகியோ ஓய்வுபெற்றோ ஊர் திரும்பும்போது காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். சென்னைக்கு சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள் கடல் பயணம். இறங்கிய கையோடு குடும்பமாக ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்புவதும் உண்டு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. தீவில் வருடக்கணக்காக ஈரம் குடித்த திரவம் முதன்முதலாகச் சூட்டைச் சந்திப்பது அங்கேதான். மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர்தான் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது.

உள்ளிருந்து துரு

தீவை விட்டு நகராத காருக்குக் கொதிநிலை இரண்டாம் கவலை. முதல் கவலை அரிமானம். பிரேக் திரவத்தில் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சேர்த்தே விற்கிறார்கள். அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். ஈரமும் ஏறி, தடுப்பும் தீர்ந்தபின் வீல் சிலிண்டரின் உட்சுவர் புள்ளி புள்ளியாக அரிக்கும். அந்தச் சொரசொரப்பில் ரப்பர் கப் தேய்ந்து கிழியும். திரவம் கசிந்து டிரம்முக்குள் பிரேக் ஷூவில் இறங்கும். அந்தச் சக்கரம் பிடிக்காது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முன்பக்கம் காலிப்பர் பிஸ்டன் துருவில் மாட்டிக்கொண்டால் நேரெதிர் தொல்லை. மிதியை விட்டாலும் பேட் விலகாது, உராய்ந்துகொண்டே ஓடும். பெட்ரோல் குறைவதையும் ஒரு சக்கரம் மட்டும் சுடுவதையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஏபிஎஸ் உள்ள கார் என்றால் விஷயம் இன்னும் காசு கேட்கும். 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதன் நுண்ணிய வால்வுகளில் அழுக்கும் துருவும் சேர்ந்தால் அந்த யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். அந்த பில்லோடு ஒப்பிட்டால் ஒரு பாட்டில் பிரேக் ஆயில் விலை ஒன்றுமே இல்லை.

வெளியிலிருந்து உப்பு. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊருக்கு ஊர் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று நாடு முழுவதற்கும் வரைபடமே போட்டிருக்கிறது. கடலோரம் என்றால் அரிப்பு கூடும் என்பதற்கு வரைபடம் தேவையில்லை என்பீர்கள், வாஸ்தவம். புரோத்ராபூர் பக்கத்துச் சிப்பிகாட்டுக்குச் சொந்தமான ஒரு கதையும் உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கியது. சிப்பிகாட்டின் வயல்களுக்குள் கடல் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஓதம் ஏறும் நேரத்தில் சாலையிலும் உப்புத் தண்ணீர் நிற்கும், வண்டிகள் அதில் நீந்திப் போகும். பிறகு சாலையை உயர்த்தினார்கள். உப்புத் தண்ணீரில் போன வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவ வேண்டும். சொல்வது எளிது. கோடையில் தானிக்காரி அணையில் நீர் குறைந்து, குடிக்கிற தண்ணீரே நாள்விட்டு நாள் வரும் ஊரில் யார் காரைக் கழுவுவது?

உப்புக் காற்று முதலில் பதம் பார்ப்பது பிரேக் குழாய் இணைப்புகளையும் ப்ளீடர் நிப்பிளையும். பழைய திரவத்தை வெளியே விடத் திறக்கவேண்டிய சின்னத் திருகு அது. ஐந்தாறு வருடம் தொடாமல் விட்டால் துருவில் இறுகி, ஸ்பேனர் போட்டதும் ஒடிந்துபோகும். முந்நூறு ரூபாய் வேலைக்கு வந்தவர் காலிப்பர் வாங்க வேண்டிவரும், அதுவும் சென்னையிலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருந்து. நிப்பிளின் ரப்பர் மூடி விழுந்திருந்தால் உடனே ஒன்று வாங்கிப் போடுங்கள். சில ரூபாய்தான்.

பார்ப்பது எப்படி

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் பானெட்டைத் திறங்கள். டிரைவர் பக்கம், கண்ணாடிக்குக் கீழே ஒட்டினாற்போல் அரைகுறையாக ஒளி ஊடுருவும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. திரவம் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். இதற்கு மூடியைத் திறக்கவே தேவையில்லை, வெளியிலிருந்தே தெரியும். மழைநாளில் திறக்கவே கூடாது. திறந்துதான் ஆகவேண்டும் என்றால் முதலில் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுத் திறங்கள்.

மட்டம் குறைந்திருக்கிறது. என்ன செய்வது? நம்மவர்கள் உடனே ஊற்றுவார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரேக் பேட் தேயத் தேய, காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அந்த இடத்தை நிரப்பத் திரவம் இறங்கும். மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தால் பேட் தேய்கிறது என்று அர்த்தம். அப்போது மேலே ஊற்றி நிரப்பினால் பேட் தீர்ந்துவிட்டது என்று வண்டி கொடுத்த ஒரே அறிகுறியை அழித்தவர் ஆவீர்கள். புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் டப்பா நிரம்பி வழியும், வழிந்த இடத்தில் பெயின்ட் உரியும். ஒரே வாரத்தில் மளமளவென்று குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. நான்கு சக்கரத்தின் உட்புறத்தையும், மிதி இருக்கும் இடத்தில் கால் மிதியடியையும் தடவிப் பாருங்கள். ஒழுகும் வண்டியை மெக்கானிக் கடைவரை ஓட்டிப்போவதுகூட எனக்குச் சம்மதமில்லை. அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

டாஷ்போர்டில் ஹேண்ட்பிரேக் விளக்கு எரிகிறதே என்று லிவரை இரண்டு முறை தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பல கார்களில் அதே விளக்குதான் பிரேக் ஆயில் குறைவதையும் சொல்கிறது. லிவரை முழுதாக இறக்கியும் எரிந்தால், குறிப்பாக வளைவில் மட்டும் மினுக்கினால், டப்பாவைப் பாருங்கள்.

நிறம் பற்றி. புதுத் திரவம் வெளிர் மஞ்சளாக, ஏறக்குறைய நிறமற்று இருக்கும். பழசாகப் பழசாக ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாக்‌ஷன் போலக் கறுக்கும். அப்படிக் கறுத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் தெளிவாக இருப்பதாலேயே நல்லது என்று சொல்லிவிட முடியாது. நீருக்கு நிறமில்லை. ஈரம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. இதற்காகப் பேனா மாதிரி ஒரு கருவி விற்கிறது, டப்பாவில் நனைத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும். மின்கடத்தும் தன்மையை வைத்து ஊகிக்கும் கருவி அது. திரவத்துக்குத் திரவம் கணக்கு மாறும் என்பதால் அதன் பச்சையை நான் வேதவாக்காக எடுக்கமாட்டேன், சிவப்பை மதிப்பேன். உண்மையிலேயே துல்லியம் வேண்டுமானால் துளித் திரவத்தைக் கொதிக்க வைத்து அளக்கும் கருவி இருக்கிறது. அது பெரிய ஒர்க்‌ஷாப்பில் இருந்தால் உண்டு. தேதியை எழுதி வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறவருக்கு இந்த எந்தக் கருவியும் தேவையில்லை.

காலாலும் ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்றபடியே மிதியை அழுத்திப் பிடித்து அரை நிமிடம் வையுங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. மெத்தென்று அமுங்கி, இரண்டு மூன்று தடவை பம்ப் பண்ணியபின் கெட்டியானால் உள்ளே காற்று இருக்கிறது.

மாற்றும்போது

மாற்றுவது என்றால் டப்பாவில் உள்ளதை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றுவது என்று நினைக்கிறார்கள். கெட்டது தங்குவது சக்கரத்தின் பக்கம். ஆகவே நான்கு நிப்பிளையும் வரிசையாகத் திறந்து, புதுத் திரவம் தெளிவாக வரும்வரை பழசைத் தள்ள வேண்டும். 'ஏர் எடுக்கிறது' என்று கடையில் சொல்வதும் இதே வேலைதான். ஒருவர் உள்ளே மிதிக்க, ஒருவர் கீழே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். திறந்திருக்கும் நேரத்தில் மிதியை விட்டால் காற்று உள்ளே போகும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் வேறு. தூரத்துச் சக்கரம் முதலில் என்ற பழைய விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது, கையேட்டில் எழுதியிருக்கும். சில ஏபிஎஸ் கார்களுக்கு ஸ்கேனர் மாட்டித்தான் முழுதாக எடுக்க முடியும். சாதாரணக் காருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் போதும்.

எந்த ரகம் என்பது டப்பாவின் மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 வேண்டாம். எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீரிங் ஆயில் எதுவும் ஒரு துளிகூடக் கூடாது. பெட்ரோலியம் எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர்கள் ஊதிப் பெருத்துவிடும். தெரியாமல் ஊற்றிவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி ரப்பர் உள்ள அத்தனை பாகத்தையும் மாற்ற வேண்டிவரும். திரவத்தின் ரகம் எவ்வளவு நுணுக்கமான சங்கதி என்பதற்கு ஒரு சாட்சி: 2010 அக்டோபரில் டொயோட்டா அமெரிக்காவில் மட்டும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், ரப்பரை வழவழப்பாக வைத்திருக்கும் சில பாலிமர்கள் இல்லாத வேறு பிரேக் திரவத்தை ஊற்றினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் காய்ந்து சுருண்டு ஒழுகலாம் என்பது.

நம் ஊரில் இந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. 1962-ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் குழுமமும் சேர்ந்து சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா முதல், எண்ணெய் கம்பெனிகள் வரை பலரும் விற்கிறார்கள். தீவுக்கு எல்லாம் கப்பலில் வருகிறது, பிறகு கடை அலமாரியில் உட்காருகிறது. பாட்டிலில் தயாரித்த தேதியைப் பாருங்கள், மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். பெரிய பாட்டிலைவிடச் சின்ன பாட்டில் இரண்டு வாங்குவது நல்லது.

முக்கியமானது இதுதான். மெக்கானிக் கடையின் மூலையில், மூடி தொலைந்து துணி அடைத்து வைத்த அரை பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். போன மாதம் வேறொரு வண்டிக்கு வாங்கியதில் மிஞ்சியது. கெட்ட எண்ணத்தில் யாரும் அதை ஊற்றுவதில்லை, வீணாகக் கூடாதே என்று ஊற்றுகிறார்கள். மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஒரு மாதம் திறந்து கிடந்த பாட்டிலில் இருப்பது பாதி பழசான திரவம். அதை ஊற்றி, காசும் கொடுத்து, மாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பதைவிட மாற்றாமலே இருக்கலாம். உங்கள் கண்முன் சீல் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள், மிச்சத்தை அடுத்த முறைக்கு என்று வைக்காதீர்கள். வெளியே எடுத்த பழையதைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். அது விஷம், தீவில் ஓடும் எல்லாச் சாக்கடையும் சீக்கிரமே கடலில் சேர்ந்துவிடும்.

ஸ்கூட்டர், பைக் வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் ஹேண்டில்பாரிலேயே சின்ன டப்பா இருக்கிறது, பக்கவாட்டில் மட்டம் பார்க்கக் கண்ணாடி. அளவு குறைவு, வெயிலிலும் மழையிலும் நேராக நிற்பது, ஆகவே அது காரைவிடச் சீக்கிரம் கெடும். மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் வேலை குறைவு, பேட் பல வருடம் வரும். திரவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

யார் கேட்கிறார்கள்?

போர்ட் பிளேரிலிருந்து டிக்லிப்பூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோடு சுமார் 330 கிலோமீட்டர். ஜிர்காட்டாங்கில் தொடங்கி மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்துக்குள் போகும் பகுதியில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், போலீஸ் காவலோடு, வண்டிகள் வரிசையாகப் போக வேண்டும். வேகம் 40-க்கு மேல் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது. முன் வண்டி பிரேக் அடித்தால் பின்வண்டியும் அடித்தாக வேண்டும், ஒதுங்கி நிற்க வழியில்லை. மறுமுனையில் படகில் ஏற ஈரமான சாய்தளம். கிளம்பும் முன் டீசல், டயர் காற்று, அடையாள அட்டை எல்லாம் பார்க்கிறோம். பானெட்டைத் திறந்து அந்த டப்பாவைப் பார்ப்பவர் எத்தனை பேர்?

சட்டமும் கேட்பதில்லை. டாக்சி போன்ற வாடகை வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடாவருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சொந்தக் காருக்குப் பதினைந்து வருடம் வரை யாரும் பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை. புகைச் சான்று கேட்பார்கள், இன்ஷூரன்ஸ் கேட்பார்கள். புகை அளக்கும் இடத்தில் ஒரு துளி பிரேக் திரவத்தைக் கொதிக்க வைத்து அளக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடலும் மழையும் சூழ்ந்த ஒரு யூனியன் பிரதேசத்தில் போக்குவரத்துத் துறை இதைத் தொடங்கி வைக்கலாம். தொடங்கும் வரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓடும்போது மிதி தரைக்குப் போய்விட்டால்: பதறாமல் வேகமாகப் பலமுறை பம்ப் பண்ணுங்கள், கொஞ்சம் பிடிப்பு திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் கேபிளில் இயங்குவது, திரவம் போனாலும் அது வேலை செய்யும். ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் பில்களை எடுத்துப் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றிய தேதி இரண்டு வருடத்துக்கு உள்ளே இருந்தால் கவலையில்லை. தாண்டியிருந்தாலோ, எந்தப் பில்லிலும் அப்படி ஒரு வரியே இல்லாவிட்டாலோ, ஓடோமீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியை ஒரு சின்னத் தாளில் எழுதி டப்பாவின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.